முடி நட்ட பிறகு பத்து நாள்: சென்னை அறையா, ஊர் வீடா?

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில், வழுக்கைக்கு முடி நடுவதைப் (ஹேர் டிரான்ஸ்பிளான்ட்) பற்றி யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில், தூணோரமாகக் கூப்பிட்டு, "தம்பி, நீ எங்க செஞ்சே? கிராஃப்டுக்கு எவ்வளவு வாங்குனாக?" என்று கேட்பார்கள். வருஷத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். நான் திருப்பி ஒன்றே ஒன்று கேட்பேன்: "முடிச்ச பிறகு முதல் பத்து நாள் எங்க இருக்கப் போறீக?" அதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. "வேற எங்க, வீட்லதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி விலைக்கே வந்துவிடுவார்கள்.

இந்த "வீட்லதான்" விஷயம் அவ்வளவு எளிதில்லை என்பது மூன்று தலைகளைப் பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது. ஒன்று என் தலை. நான் சென்னையில் செய்துகொண்டு, மூன்று இரவு அங்கேயே தங்கி, நாலாம் நாள் ஊருக்கு வந்தேன். இரண்டாவது சித்தப்பா மகன். மதுரையில் செய்துகொண்டு அன்று இரவே காரில் காரைக்குடி வந்துவிட்டான். மூன்றாமவர் தேவகோட்டை நண்பர். சென்னையில் அறை எடுத்துப் பத்து நாளும் அங்கேயே இருந்துவிட்டுத்தான் திரும்பினார். மூன்று பேருக்கும் இன்று முடி இருக்கிறது. பட்ட பாடு மட்டும் வேறு வேறு. நான் மருத்துவன் இல்லை. இங்கே எழுதுவதும் உங்கள் மருத்துவர் சொல்வதும் முட்டிக்கொண்டால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

அந்தப் பத்து நாளில் என்ன நடக்கிறது

பின்னந்தலையிலிருந்து எடுத்த வேர்களை, முன்னால் ஊசிமுனையளவு துளைகளில் வைக்கிறார்கள். அப்படி நடுகிற வேர்த் துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு கிராஃப்ட். 2,500 கிராஃப்ட் என்றால் ஆறு முதல் எட்டு மணி நேர வேலை. நடுகிற இடத்தில் தையல் எதுவும் கிடையாது. ரத்தம் உறைந்து பசைபோல ஒட்டிக்கொள்வதுதான் முதல் சில நாட்களுக்கு வேரைப் பிடித்துவைக்கிறது. பெர்ன்ஸ்டைன், ராஸ்மன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இந்தப் பிடிமானத்தையே சோதித்துப் பார்த்து 2006ல் எழுதியிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் முடியைப் பிடித்து இழுத்தால் வேர் கையோடு வந்துவிடுகிறது. ஆறாம் நாளில் முடியை இழுத்தால் வேர் வருவதில்லை. ஆனால் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருக்கைப் பிய்த்தால் அதன் பிறகும் ஓரிரு நாள் வரை வேருக்கு ஆபத்து உண்டு. ஒன்பதாம் நாளில்தான் பயம் விடுகிறது.

கிளினிக்குகள் "பத்து நாள்" என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. அதிலும் முதல் மூன்று நாள் ஒரு வகை, நாலிலிருந்து பத்து வரை வேறு வகை. முதல் மூன்று நாளில் எதிரி இடியும் உரசலும். அதன் பிறகு அரிப்பும் அலட்சியமும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே தங்குவது என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும்.

சென்னையிலேயே பத்து நாள்

தேவகோட்டை நண்பரின் வழி இது. கிளினிக்கிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத் தூரத்தில் அறை. முதல் தலைக்குளியலிலிருந்து கடைசிப் பொருக்கு உதிரும்வரை நாலு முறை கிளினிக்கிலேயே கழுவிவிட்டார்கள். அவர் தலையில் பொருக்கு போனது போல் சுத்தமாக என் தலையில் போகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். கழுவுவது சின்ன வேலைதான். ஆனால் பயந்துபோய்த் தொடாமலே விட்டால் பொருக்கு தடித்துப்போகும், அவசரப்பட்டுத் தேய்த்தால் வேர் போகும். பழகிய கை ஒன்று அதைச் செய்வதற்கு விலை உண்டு.

நஷ்டம் வேறு இடத்தில். தனி அறை, கடைச் சாப்பாடு, பேச ஆள் இல்லை. தலையில் பொட்டுப் பொட்டாகச் சிவப்போடு வெளியே போகவும் கூச்சம். ஐந்தாம் நாள் சலிப்பில் பால்கனியில் நின்று சிகரெட் பற்றவைத்துவிட்டதாக அவரே என்னிடம் சொன்னார். நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். புதிதாக நட்ட வேருக்கு வேண்டியதோ ரத்த ஓட்டம். செய்வதற்கு முன்னும் பின்னும் குறைந்தது இரண்டு வாரமாவது புகையைத் தொடக்கூடாது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் இருந்திருந்தால் அவர் அப்பச்சி முன்னால் சிகரெட்டை எடுத்திருக்கவே மாட்டார். ஊர் வீட்டுக்கு இப்படி ஒரு காவல் பலமும் இருக்கிறது.

செலவைச் சொல்லவேண்டியதில்லை. அறை வாடகையும் சாப்பாடும் சேர்ந்தால் இன்னொரு ஐநூறு கிராஃப்ட் நட்டிருக்கலாம் என்று அவர் இன்றைக்கும் புலம்புவார்.

அன்றைக்கே ஊருக்கு

சித்தப்பா மகன் சொன்ன காரணம் நியாயமாகத்தான் பட்டது. மதுரையிலிருந்து காரைக்குடி சுமார் 85 கிலோமீட்டர். மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். "எதுக்குண்ணே லாட்ஜ் காசு? வீட்ல படுத்துக்கிறேன்" என்றான்.

தலை இடித்தது பாதையில் இல்லை, வீட்டில்தான். செட்டிநாட்டு வீடுகளில் வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகளின் நிலையெல்லாம் தாழ்வானவை. குனிந்துதான் உள்ளே போகவேண்டும். இருபத்தைந்து வருஷமாக அந்த நிலையைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவன்தான் அவன். ஆனால் அன்று இரவு மயக்க மருந்தின் அசதி, நெற்றியில் கட்டு, உச்சந்தலையில் மரத்துப்போன உணர்வு. தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற கணக்கே தப்பிவிட்டது. பர்மாத் தேக்கு நிலை விட்டுக்கொடுக்குமா? முன்நெற்றி ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் கசிந்தது. கிளினிக் எண்ணுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை. காலையில்தான் பதில் வந்தது: சுத்தமான காஸ் துணியை வைத்துச் சில நிமிஷம் மெதுவாக அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். அதற்குள் அவனே அப்படித்தான் செய்திருந்தான், ரத்தமும் நின்றிருந்தது. அந்த இரண்டு மூன்று முடி போனது போனதுதான்.

மூன்றாம் நாள் காலையில் அடுத்தது. கண் இரண்டும் வீங்கி, இமை திறக்கமுடியாமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். தலையை மரத்துப்போகச் செய்ய ஊசியில் ஏற்றிய திரவம், மேலிருந்து கீழே நெற்றிக்கும் இமைக்கும் இறங்குவதால் வருகிற வீக்கம் அது. இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை கூடி, ஒரு வாரத்தில் தானே வடிந்துவிடும். கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பயம் இல்லை. சித்திக்கு யாரும் சொல்லவில்லை. அவர் அலறிக்கொண்டு அடுப்படிக்குப் போய், சுக்கு இழைத்துப் பத்துப் போடக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். தலைவலிக்கும் நீர்க்கோவைக்கும் சுக்குப் பத்து போட்டே வளர்ந்த குடும்பம், வேறென்ன செய்வார்? முன்முடி வரிசைக்கு அரை அங்குலம் கீழே சூடாகச் சுக்கு. அவன் இரண்டாங்கட்டு வழியாகக் கொல்லைக்கு ஓடியிருக்கிறான். கண்ணும் தெரியவில்லை, நிலையும் தாழ்வு. இந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் பதற்றமும் சேர்ந்தே வரும்.

வீக்கத்துக்குச் செய்யவேண்டியது சாதாரணம். தலையை 45 டிகிரி உயர்த்தி மல்லாந்து தூங்கவேண்டும். மருத்துவர் சொன்னால் நெற்றிக்கு ஐஸ் வைக்கலாம், நட்ட இடத்தில் வைக்கக்கூடாது. குனியக்கூடாது. இந்தக் கடைசி விஷயம் எங்கள் ஊரில் எவ்வளவு கஷ்டம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அன்றைக்கே ஊருக்கு வருவதில் நல்லது ஒன்றும் இல்லையா என்றால், காசு மிச்சம், மனத்துக்குத் தெம்பு. முதல் மூன்று நாளுக்கு அது போதாது என்பது என் கட்சி.

மூன்று இரவு அங்கே, மிச்சம் இங்கே

நான் செய்தது இது. இதில் நான் ஒருபக்கச் சாய்வுள்ளவன், தெரிந்தே படியுங்கள். முதல் மூன்று இரவு கிளினிக்குப் பக்கத்தில். மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். முதல் கழுவலை அவர்கள் கையால் செய்து, எனக்குப் பக்கத்தில் நின்ற தம்பிக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்: நுரையைக் கையில் எடுத்துத் தலையில் ஒற்று, தேய்க்காதே. ஷவர் வேண்டாம், குவளையில் எடுத்து மெதுவாக ஊற்று. துண்டால் துவட்டாதே, தானே காயட்டும். அந்த அரை மணி நேரப் பாடத்துக்காகவே மூன்று இரவு தங்கியது சரி என்று தோன்றுகிறது.

நாலாம் நாள் பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்தேன். மதியம் எழும்பூரில் ஏறினால் இரவு காரைக்குடி. அது உட்கார்ந்து வரும் வண்டி என்பதால் தலை சாய்வாக இருந்தது, கழுத்துத் தலையணை போட்டுக்கொண்டேன். இரவு ரயிலில் கீழ்ப் படுக்கை என்றால் எழும்போது நடுப் படுக்கையில் முட்டுவோம். ஆம்னி பஸ் ஸ்லீப்பரில் மேல் படுக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கூரை மூக்கின் மேல்தான் இருக்கும். பல்லவனிலும் ஓர் ஆபத்து: தலைக்கு மேலே உள்ள தட்டிலிருந்து பெட்டி இறக்குகிறவர்கள். விழுப்புரத்தில் ஒருவர் டிராலியை இறக்கியபோது நான் இருக்கையிலேயே சுருண்டு கையைக் குடையாகப் பிடித்ததைப் பார்த்து அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஜன்னலோர இருக்கை வாங்குங்கள்.

ஊருக்கு வந்த பிறகு, சென்னை அறையில் கிடைக்காத ஒன்று கிடைத்தது. முகப்பில் கிடந்த ஐயாவின் சாய்வு நாற்காலி. கையை நீட்டி, காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும் அந்தப் பிரம்பு நாற்காலியின் சாய்வு ஏறக்குறைய மருத்துவர் கேட்ட அதே கோணம். மூன்று தலையணையை அடுக்கிப் புரண்டு விழுந்த மூன்று இரவுக்குப் பிறகு அதில் தூங்கிய தூக்கத்தை மறக்கமாட்டேன். ஏழாம் நாள் வரை அதிலேயே தூங்கினேன். தடிச் சுவர், சுண்ணாம்புக் காரை, ஆத்தங்குடிக் கல் தரை. பகலிலும் உள்ளே வேர்வை இல்லை. வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே வளவைச் சுற்றி நடக்கலாம். இந்த வீடுகளைக் கட்டியவர்கள் முடி நடுகிறவர்களை நினைத்தா கட்டினார்கள் என்று தோன்றும் அளவுக்குப் பொருத்தம்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஆள் புழங்குகிற வீடாக இருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, விசேஷத்துக்கு மட்டும் வந்து திறப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் காரைத் தூசி, வௌவால் எச்சம், ஒட்டடை. பச்சைப் புண்ணோடு அங்கே போய்ப் படுப்பதைவிட லாட்ஜ் மேல். பூட்டிய வீடுதான் என்றால் ஒரு வாரம் முன்பே திறந்து, கழுவி, காயவிட்டு வைக்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் வந்த பிறகு ஒட்டடை அடிக்கக்கூடாது.

வீடு நல்லதுதான், விருந்தாளிகள்தான் பிரச்சினை

ஊரில் இருப்பதன் உண்மையான செலவு காசில்லை, மனிதர்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் அன்பானவர்கள். அன்புதான் நெற்றியில் கை வைக்கும்.

பெரியவர்கள் வந்தால் விழுந்து கும்பிடவேண்டும். தலை நெஞ்சுக்குக் கீழே போனால் ரத்தம் முகத்துக்கு இறங்கும், வீக்கம் கூடும், கசிவும் வரலாம். முதல் ஒரு வாரம் கூடாது. கும்பிட்ட பிறகு அவர்கள் விபூதி எடுத்து நெற்றியில் பட்டையாகப் பூசி, மிச்சத்தை உச்சந்தலையில் தூவுவார்கள். நட்ட முதல் வரிசை சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. அப்பத்தா விபூதித் தட்டோடு வந்தபோது நான் எழுந்து நின்று இரண்டு கையையும் ஏந்தினேன். "நெத்தியக் காட்டுடா" என்றார். "டாக்டர் வேணாம்னாரு அப்பத்தா." "முருகனுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியும்?" கடைசியில் கழுத்துக்குக் கீழே, நெஞ்சில் பூசினார். இன்றைக்குச் செய்துகொள்ளப் போகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன்: வருவதற்கு முன்பே வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ரகசியமாக வைத்திருந்து, தொப்பி போட்டு மறைத்து, கேட்டால் "தலையில கட்டி" என்று பொய் சொல்வதைவிட இது லேசு. கட்டி என்றால் இன்னும் பத்துப் பேர் பார்க்க வருவார்கள், ஆளுக்கொரு எண்ணெயோடு.

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. சனிக்கிழமை நல்லெண்ணெய், சீயக்காய், சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணித் தைலம். எல்லாவற்றுக்கும் முதல் மாதம் லீவு. பத்து நாளுக்குப் பிறகும் பொருக்கு ஒட்டிக் கிடந்தால் ஊறவைத்துக் கழுவ மருத்துவரே ஏதாவது எண்ணெய் சொல்லலாம். அவர் சொன்னால் மட்டும். நட்ட இடத்தில் தெளிக்கிற சலைன் உப்புநீரை வீட்டிலேயே உப்புப் போட்டுக் கலக்கவேண்டாம். நார்மல் சலைன் காரைக்குடியில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிறது.

சாப்பாட்டில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டவுடன் பத்தியம் என்று ரசமும் சுட்ட அப்பளமும் போடுவார்கள். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, உளுந்துக் கும்மாயம் எல்லாம் சாப்பிடலாம். இன்னொரு பக்கம், வந்திருக்கிறான் பிள்ளை என்று மிளகு தூக்கலாக நாட்டுக்கோழி. காரம் வேரைக் கெடுக்காது. ஆனால் உச்சந்தலையில் வேர்த்து ஊற்றுகிற காரம் என்றால் முதல் சில நாள் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது. உப்பைக் குறைத்தால் வீக்கத்துக்கும் நல்லது என்பார்கள். ஊறுகாய் ஜாடியைப் பத்து நாள் மறந்துவிடலாம்.

எஃப்யூஇயா, எஃப்யூடியா: ஊர் திரும்புகிறவருக்கு

பின்னந்தலையிலிருந்து வேர் எடுக்கிற இந்த இரண்டு முறைகளையும் எல்லோரும் தழும்புக் கணக்கில்தான் ஒப்பிடுகிறார்கள். நான் திரும்பி வரும் கணக்கில் பார்க்கிறேன்.

எஃப்யூஇ என்றால் வேர்களை ஒவ்வொன்றாக, சுமார் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான துளையிட்டு எடுப்பது. பின்னந்தலை முழுக்கப் புள்ளிப் புள்ளியாகக் காயம், ஒரு வாரத்தில் ஆறிவிடும், தையல் பிரிக்கும் வேலை இல்லை. எஃப்யூடி என்றால் பின்னந்தலைத் தோலில் ஒரு நீளப் பட்டையை வெட்டியெடுத்துத் தைப்பது. தையலோ பின்னோ 10 முதல் 14 நாளில் பிரிக்கவேண்டும். அதற்காக மறுபடி சென்னைக்கு ஒரு பயணம், இல்லாவிட்டால் உள்ளூர் அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவைக்கவேண்டும். கழுத்தை முன்னால் வளைத்தால் தையல் இழுக்கும், கனம் தூக்குவதற்கும் கூடுதல் நாள் ஆகும். விழுந்து கும்பிடுகிற ஊரில் இது கவனிக்கவேண்டிய வித்தியாசம்.

எஃப்யூடிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. தலையை முழுக்க மழிக்கவேண்டியதில்லை. பெண்களுக்குப் பல நேரம் இது பொருந்துகிறது, மேல் முடி கீழே விழுந்து தையலை மறைத்துவிடும். அவர்களுக்கு நான் சேர்த்துச் சொல்வது: இறுக்கிக் கொண்டை போட்டுச் சரம் சரமாகப் பூ வைக்கிற கல்யாணம் எதுவும் அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில் இருந்தால் தேதியை மாற்றுங்கள்.

இரண்டில் எதுவானாலும் யார் செய்கிறார்கள் என்பது முதல் கேள்வி. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு மருத்துவர்களே இதைச் செய்யவேண்டும் என்றும், பட்டறையிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்றும் சொல்லிவிட்டது. மீண்டு வருவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இரவு பதினொரு மணிக்கு ரத்தம் கசியும்போது போனை எடுக்கப்போவது அந்த மருத்துவரா, அல்லது பேக்கேஜ் விற்ற விற்பனைப் பெண்ணா என்பதுதான். பணம் கட்டும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். பேக்கேஜில் பி.ஆர்.பி. ஊசி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் போடுவது) இலவசம் என்பார்கள். அதன் பலனைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அதற்குப் பதில் நாலு கழுவல் இலவசமாகக் கேளுங்கள்.

எந்த மாதம்

இதில் எங்கள் ஊர் பஞ்சாங்கமும் மருத்துவமும் ஆச்சரியமாக ஒத்துப்போகின்றன. சித்திரை, வைகாசி வேண்டாம். அக்கினி நட்சத்திரத்தில் நிழலில் உட்கார்ந்தாலும் வேர்க்கும், கல்யாண முகூர்த்தமும் அடுக்கடுக்காக வரும். ஆடியில் விசேஷம் இல்லை, ஆனால் அம்மியைத் தூக்கும் காற்றும் புழுதியும். மார்கழிதான் என் தேர்வு. குளிர், கல்யாணம் கிடையாது, விருந்தாளி குறைவு. பிள்ளையார் நோன்பு அன்று மட்டும் இழை எடுக்க வீடு நிறையும், அந்தத் தேதியைப் பார்த்துத் தள்ளிவையுங்கள். மார்கழி நடுவில் செய்துகொண்டு, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழநிக்கு நடக்கலாம் என்று கணக்குப் போட்டான் சித்தப்பா மகன். வெயில், வேர்வை, கூட்ட நெரிசல், வழியில் கண்மாய்க் குளியல். ஒரு மாதத்துக்குள் எதுவும் ஆகாது. அந்த வருஷம் அவன் காரில்தான் போனான், தொளதொளத்த தொப்பியோடு.

கல்யாண மாப்பிள்ளைகள் செய்கிற தவறு இன்னும் பெரியது. "மூணு மாசம் இருக்கே, அதுக்குள்ள வளந்துரும்" என்பார்கள். நட்ட முடி இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் உதிரும். வேர் உள்ளே இருக்கும், முடி மட்டும் கொட்டும். சிலருக்குப் பக்கத்தில் இருந்த பழைய முடியும் தற்காலிகமாக உதிரும். மூன்று, நான்கு மாதத்தில்தான் புது முடி மெல்ல எட்டிப்பார்க்கும். ஆறு மாதத்தில் பார்க்கிற மாதிரி ஆகும், முழுப் பலன் 12 முதல் 18 மாதம். மூன்றாம் மாதத்தில் மணவறையில் உட்கார்ந்தால் செய்வதற்கு முன்பு இருந்ததைவிட மோசமாக இருப்பீர்கள், ஆல்பத்திலும் அப்படியே நிற்பீர்கள். ஒரு வருஷம் இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் கல்யாணத்தை முடித்துவிட்டுச் செய்யுங்கள்.

யாருக்கு எது

தனியாக வாழ்ந்து பழகியவர், வீட்டில் சொல்ல விரும்பாதவர், ஊர் வீடு பூட்டிக் கிடப்பவர்: சென்னையிலேயே பத்து நாள். சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றாலும் கிளினிக்குக்குப் பக்கத்திலேயே இருப்பது நல்லது. அந்த மாத்திரையை இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். மதுரையிலோ திருச்சியிலோ செய்துகொள்கிறவருக்கும் அன்றைக்கே கிளம்பும் ஆசை வரும். முதல் கழுவல் வரையாவது அங்கேயே இருங்கள், தூரம் குறைவு என்பதால் இரண்டாவது கழுவலுக்கும் போய் வரலாம். இதுதான் உண்மையில் எல்லாவற்றிலும் சிக்கனமான வழி. நான் இன்று செய்வதாக இருந்தால் அப்படித்தான் செய்வேன். மற்றவர்களுக்கு மூன்று இரவு அங்கே, பிறகு ஊர்.

எங்கே இருந்தாலும், மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், சிவப்பு பரவினால், நட்ட இடத்தில் தோல் கருத்தால், போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் நேரில் போங்கள். அரிப்பு, மரத்த உணர்வு, இரண்டு மூன்று மாதத்தில் சின்னச் சின்னப் பரு இதெல்லாம் வழக்கமாக வருபவை. அரிக்கும்போது சொறியாமல் சலைன் தெளியுங்கள். இரவில் தூக்கத்தில் கை போகும் என்று பயந்து நான் கையுறை போட்டுக்கொண்டு தூங்கினேன், சிரித்தார்கள்.

ஹெல்மெட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம். பைக் இல்லாமல் எப்படி என்றால், செக்காலை ரோட்டுக்குப் போக ஆட்டோ இருக்கிறது. ஜிம்மும் நீச்சலும் ஒரு மாதம் கழித்து. நேர் வெயிலுக்கு ஒரு மாதம் கண்டிப்பாகத் தொப்பி, தொளதொளப்பானது. முடி உதிர்வுக்குப் போடுகிற மினாக்சிடில் மருந்தை மறுபடி எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நட்ட முடி நிற்கும், நடாத முடியை அதுதான் பிடித்துவைக்கிறது.

மொட்டை விஷயம் பாக்கி. சித்தப்பா மகனுக்கு முடி வளர்ந்தால் பழநியில் முடி இறக்குவதாக அப்பத்தா நேர்ந்துகொண்டிருக்கிறார். இதை அவனிடம் சொன்னது எட்டாம் மாதத்தில், முன்நெற்றி நிறைந்து கண்ணாடி முன்னால் அவன் நிற்கிற நேரம் கூடிவிட்ட பிறகு. அவன் பதறிப்போய் மருத்துவருக்குப் போன் போட்டான். அவர் சிரித்துவிட்டு, வேர் உள்ளேதான் இருக்கிறது, ஒரு வருஷம் முடிந்த பிறகு சவரக் கத்தி பட்டால் ஒன்றும் ஆகாது, திரும்ப வளரும் என்றிருக்கிறார். மருத்துவம் கைவிட்டதும் அவன் சாமியிடம் போனான். இந்தத் தைப்பூசத்துக்கு மூன்று கத்தரி பூமுடி, மொட்டை அடுத்த வருஷம் என்று அப்பத்தாவோடு பேரம் முடிந்திருக்கிறது. "அடுத்த வருஷம் கல்யாணம் வச்சிருக்காகளே அப்பத்தா" என்று இப்போதே இழுக்க ஆரம்பித்திருக்கிறான்.